தலைத்திவசத்தன்று பீரோவில் இருந்த அம்மாவுக்கு

என் ரோஷக்கார அம்மா சரோஜாவுக்கு,

முதலில் மன்னிப்பு, கதை அப்புறம். போன மாதம் உன் தலைத்திவசம் நடந்தது. பூமாலையும் பொட்டுமாக நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய நீ, அன்றைக்குப் பீரோவுக்குள் என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் படுத்துக் கிடந்தாய். உன்னைத் தூக்கி உள்ளே வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். சாவியைத் திருப்பியதும் நான்தான்.

நீ இருந்திருந்தால் என் முதுகில் ரெண்டு வைத்திருப்பாய். உன் மாமியார் படையலில் ஒரு வருஷம் தேங்காய் அழுகலாக இருந்ததற்கு ரெண்டு நாள் யாரோடும் பேசாதவள் நீ. "செத்தவங்களுக்கு ஒரு வாய் சோறு ஒழுங்கா வைக்காத வீடு விளங்குமாடீ?" என்பாய். அப்பேர்ப்பட்டவளுக்கு இப்படி ஒரு திவசம். என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேனே என்றும் கோபம் வரும் உனக்கு. வரட்டும். அப்பாவின் மறதியை நாலு வருஷம் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தாய். போன் பண்ணினால் நீதான் எடுப்பாய். "அப்பா தூங்கறார்டீ", "அப்பா கடைக்குப் போயிருக்கார்டீ." கடையை மூடி மூணு வருஷம் ஆன பிறகும் கடைக்குப் போயிருக்கார் என்றாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு, தாம்பரத்தில் நடந்த அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி இதற்குத்தான். மீதிப் பாதி, நீ போய்ச் சேர்ந்ததற்கு.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். என் அப்பா ஏகாம்பரம், மேற்குத் தாம்பரத்தில் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விட்டவர். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அம்மா ஒரு நாள் காலையில் அடுப்படியில் மயங்கி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. எதிர் வீட்டு அக்கா வந்து பார்த்தபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தூங்குகிறாள் என்று நினைத்து, பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாராம்.

நீ போன கையோடு நாங்கள் தாம்பரம் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். நாலாம் நாள் அப்பா கேட்டார். "உங்கம்மா எங்கடீ, காலையில இருந்து காணோம்?" நான் சொன்னேன். "அப்பா, அம்மா செத்துப் போச்சுப்பா. நீங்கதானே வாய்க்கரிசி போட்டீங்க." அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரோ எங்க?" என்றார்.

மறுபடியும் சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். அவர் எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவையும் சொன்னேன். உன் மாப்பிள்ளை, "விட்டுடு பரிமளா, ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். "பெத்த அப்பன்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று அவர்மேல் பாய்ந்தேன். சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு என்று சொல்லிச் சொல்லியே இருபத்தைந்து வருஷம் பிழைத்தவள் இல்லையா? அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் நான் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. அப்பா தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸில் எல்லாம் ஏறி, "சரோஜான்னு ஒருத்தி, பச்சைப் புடவை, ஏறினாளா?" என்று கண்டக்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். பூக்கார அம்மா ஒருத்தி அவரைப் பிடித்து உட்கார வைத்து, சட்டைப் பையில் என் நம்பர் எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் பேசினாள். காலில் செருப்பு இல்லை. தார் ரோட்டில் நடந்து பாதம் கொப்பளித்திருந்தது. ஊசிமுனை அளவுக்கு வெடிப்பு விட்டால்கூடத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிடுவாயே அந்தக் காலில், அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டிலேயே அழுதேன்.

அப்புறம்தான் அந்த வீடு. மாடம்பாக்கம் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து ரெண்டு தெரு உள்ளே. உன் தம்பி, பம்மல் தணிகாசலம் மாமா, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "பெத்தவனைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டா டீச்சரம்மா" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏன் மறைக்கணும்? இரும்புக் கட்டில், பினாயில் வாசனை, வரிசையாகத் தட்டு, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அங்கே போர்டே இல்லைம்மா. சாதாரண வீடு. கொடியில் துணி காய்கிறது, வாசலில் செருப்பு கிடக்கிறது, உள்ளே யாரோ வெங்காயம் வதக்குகிறார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது பேருக்கும் மறதி. வேலை செய்கிறவர்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது. யார் பார்த்துக்கொள்கிறவர், யார் பார்த்துக்கொள்ளப்படுகிறவர் என்று கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாள் ஆனது. காலையில் எல்லோரும் சமையல்கட்டைச் சுற்றி உட்கார்ந்து கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள், துண்டு மடிப்பார்கள். மடித்த துண்டை வேலை செய்கிறவர்கள் உள்ளே கொண்டுபோய்க் கலைத்துக் கொண்டுவந்து மறுபடி வைப்பார்கள், அது வேறு விஷயம்.

அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர் கலா அக்கா. பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறார். அவர் வாயைத் திறந்தால் நீ காதைப் பொத்திக்கொள்வாய், ஆனால் ஆள் தங்கம். அப்பா, "நான் கடையைத் திறக்கணும், நேரமாச்சு" என்று கிளம்பினால், வேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. கலா அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா நைனா, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்று கூடவே நடப்பார். ரெண்டாவது தெரு முனையில் அப்பாவே, "கால் வலிக்குது, வீட்டுக்குப் போலாம்" என்பார். திரும்பி வருவார்கள். தினமும் இப்படித்தான்.

அங்கே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளை அப்பா தினமும் துடைக்கிறார். துடைத்து, பத்துப் பத்தாக அடுக்குகிறார். யாருக்காவது உட்கார நாற்காலி வேண்டுமென்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். "ஐயா, ஒரு சேர் வோணும், சாயந்தரம் குடுத்துடறேன்" என்று கலா அக்கா கேட்பார். அப்பா எடுத்துத் தருவார், கால் ஆடுகிறதா என்று அழுத்திப் பார்த்துவிட்டு. நம் வீட்டில் இருந்தவரை இதெல்லாம் எனக்குத் தொல்லையாகப் பட்டது. அங்கே அது அவருடைய வேலை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

சேர்க்கும்போதே சொன்னார்கள், வீட்டில் பழகிய சாமான் நாலைந்து கொண்டுவாருங்கள், அறை அவருக்குச் சொந்த இடம் மாதிரி இருக்கட்டும் என்று. தலையணை கொண்டுபோனேன். பித்தளைச் சொம்பு, அவர் உட்காருகிற இரும்பு நாற்காலி, நீ ஓரம் அடித்துக் கொடுத்த துண்டு. அதோடு உன் போட்டோ. பொண்டாட்டி போட்டோ இல்லாமல் ஒரு அறையா?

ஆனால் உனக்கு என்று தனியாக ஒரு போட்டோ கிடையாதே. கேமராவைப் பார்த்தாலே அடுப்படிக்கு ஓடுகிற ஆள் நீ. என் கல்யாணத்தில் நீ சந்தனக் கிண்ணத்தோடு நின்றதை வெட்டி எடுத்து, பின்னால் நீல வானத்தைப் போட்டுக் காரியத்துக்காகப் பெரிதாக்கினோமே, அதுதான் இருந்தது. கழுத்தில் சந்தன மாலை, கண்ணாடிமேல் குங்குமப் பொட்டு, கீழே கொட்டை எழுத்தில் தோற்றம், மறைவு. நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற மாதிரிதான். அதை அப்படியே கொண்டுபோய் அப்பா கட்டிலுக்கு எதிரே, கண் விழித்ததும் படுகிற மாதிரி நானே ஆணியடித்து மாட்டினேன்.

அடுத்த மூன்று வாரம் அப்பா தினமும் காலையில் காப்பி குடித்துவிட்டு அறைக்குப் போவாராம், அழுதுகொண்டே வெளியே வருவாராம். புது இடம், பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்க மறக்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மாலை தனியாக ஜன்னலில் கிடந்தது. எனக்கு வந்ததே கோபம்! "எங்கம்மா மாலையைக் கழட்ட நீங்க யாருங்க?" என்று வீடே கேட்கக் கத்தினேன். துண்டு மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

கலா அக்கா கத்தவில்லை. என்னை வெளியே துணி காய்கிற இடத்துக்குக் கூட்டிப்போனார். "இன்னாமா நீ, டீச்சருன்றே, இது கூடவா தெரியல? நேத்து கதவாண்ட நின்னு பாத்தேன். அந்த எயுத்து மேல வெரல வச்சிக்கினு ஒவ்வொண்ணா படிக்கிறாரு. படிச்சி முட்ச்சிட்டு அப்புறம் அய்வுறாரு. உனுக்கு உங்கம்மா ஒரு வாட்டி செத்துச்சு. இந்த மனுசனுக்குத் தெனம் காப்பி குட்சதும் சாவுது."

கலா அக்கா கழற்றி வைத்திருந்த போட்டோவை வாங்கிக்கொண்டு, ஜன்னலில் கிடந்த மாலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அப்பாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உன் போட்டோ மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். மூன்று வாரம், இருபத்தியொரு காலை. அதற்கு முன்னால் வீட்டில் நானே வாயால் சொன்னது எத்தனை தடவையோ. அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் வீம்பு பண்ணிவிட்டு, அடுத்த ஞாயிறு போய்க் கலா அக்காவிடமே கேட்டேன். "அவர் அம்மா எங்கன்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?"

"நான் இன்னாத்த சொல்றது? சரோம்மா மீன் கொயம்பு எப்டி வெக்கும் ஐயான்னு கேப்பேன். புளிய இப்டி கரைப்பா, மாங்கா இப்டி போடுவான்னு சொல்லிக்கினே இருப்பாரு. சொல்லச் சொல்லப் பசி வந்துரும். சோத்தைப் போட்டுருவேன்."

அது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல வேண்டாம், உண்மையையும் சொல்ல வேண்டாம். ஸ்டுடியோவில் கொடுத்து, கீழே எழுத்து இல்லாமல் இன்னொரு பிரிண்ட் போட்டு, மாலை இல்லாமல் மாட்டினேன். அதைப் பார்த்து அப்பா, "என் பொண்டாட்டி, சந்தனம் குடுக்கறா பாருங்க" என்று வருகிறவர்களிடம் காட்டுகிறார். அவர் கேட்கும்போதெல்லாம் நான் உன் குழம்பைப் பற்றிப் பேசினேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் உன் திவசம் வந்துவிட்டது.

மாமா ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தார். "அத்தான் வந்து படைக்கட்டும். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப பொண்ணு படைப்பாளா?"

"அவருக்குத் தெரியாது மாமா."

"தெரியலன்னா நான் சொல்றேன். கட்டினவனுக்குத் தெரியாம ஒரு திவசமா? எங்கக்கா என்ன அநாதையாடீ? நாப்பத்தேழு வருஷம் சோறாக்கிப் போட்டிருக்கு. செத்துப் போச்சுன்னு தெரிஞ்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாதா அந்த மனுஷன்?"

போனை வைத்துவிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா அம்மா? மாமா சொன்னது எனக்கும் உள்ளுக்குள் குத்தியது. உன்னை இழந்தவர்கள் நாங்கள் ரெண்டே பேர்தான். அதில் ஒருத்தர் நீ கீரை வாங்கப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தால் நான் யாரிடம் போய் அழுவது? அப்பாவின் தோளில் சாய்ந்து ஒரே ஒரு தடவை, "அம்மா போயிட்டாளேப்பா" என்று சேர்ந்து அழ வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசையில்தான் சரி என்றேன். அந்த வீட்டில் கேட்டபோது, முடிவு உங்களுடையது, கலா அக்காவைக் கூட அனுப்புகிறோம் என்றார்கள்.

திவசத்தன்று விடியும்போதே எழுந்து சமைத்தேன். வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல், நீ ஆசைப்படுகிற பன்னீர் சோடா ஒரு பாட்டில். அரக்கு கலரில் புதுப் புடவை. தோற்றம் மறைவு போட்ட பழைய போட்டோவைத் துடைத்து, கதம்ப மாலை போட்டு மணைமேல் வைத்தேன். சொந்தக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். மாமா சட்டைப் பையில் கற்பூரத்தோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்துகொண்டே இருந்தது.

ஆட்டோ வந்து நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கலா அக்கா அப்பாவுக்கு ஷேவ் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, படிய வாரிவிட்டு அழைத்து வந்திருந்தார். அப்பா இறங்கி, வாசலில் கிடந்த அத்தனை செருப்பையும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, விசேஷமா? எனக்கு ஏன் முன்னாடியே சொல்லல? எத்தனை பேரு?"

ஒரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பு உள்ளே வந்து, மணைமேல் இருக்கிற உன்னைப் பார்த்து, கீழே இருக்கிற எழுத்தின்மேல் விரல் வைக்கப் போகிறது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. படையலைத் தாண்டி ஒரே எட்டு. மாலையோடு உன்னைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்கு ஓடினேன். "ஏய், என்னடீ பண்ற? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று மாமா பின்னாலேயே வந்தார். "பேசாதீங்க மாமா" என்றேன். பூவெல்லாம் புடவைமேல் கொட்டியது. பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

"போட்டோவை ஒளிச்சா? நான் வாயாலயே சொல்லுவேன்" என்றார் மாமா. "சொல்லுங்க" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது, சண்டை போடத் தெம்பில்லை.

அப்பா கூடத்துக்கு வந்ததும் முதல் வேலையாக நாற்காலிகளைப் பார்த்தார். "யாருப்பா இப்படிக் குறுக்க போட்டது? பந்தி பரிமாறறவன் எப்படிப் போவான்?" உன் மாப்பிள்ளையை விட்டு எல்லாவற்றையும் மாற்றிப் போடவைத்தார். அப்புறம் படையல் இலையைப் பார்த்தார். விளக்கு எரிந்தது, புடவை இருந்தது, சோடா இருந்தது, போட்டோ மட்டும் இல்லை. "உப்பு வைக்கலையே" என்றார். ஓடிப்போய் உப்பு வைத்தேன். அத்தனை பார்த்துப் பார்த்துச் செய்த படையலில் உப்பை மறந்திருக்கிறேன்!

"யாருக்குப் படையல்?" என்றார்.

மாமா முன்னால் வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அத்தான், அது வந்து... நம்ம அக்கா..."

அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கடையிலிருந்து வீட்டுக்குள் குரல் கொடுப்பாரே, அந்தக் குரலில், "சரோ! கற்பூரத்தை எங்கடீ வச்சே?" என்றார்.

பதிலுக்காக நின்றார். நாங்களும் நின்றோம். அம்மா, உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன், நீ அடுப்படியிலிருந்து "வரேன், கத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்திருந்தால் அந்தக் கூடத்தில் ஒருத்தர்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம். அப்படிக் காத்திருந்தோம்.

மாமாவைப் பார்த்தேன். அவர் கை சட்டைப் பைக்குள் போனது. உண்மையைச் சொல்லத்தான் ஒரு மாதமாகத் துடித்துக்கொண்டிருந்த மனுஷன். "அக்கா குளிக்குது அத்தான்" என்றார். "கற்பூரம் என்கிட்டதான் குடுத்துட்டுப் போச்சு. இந்தாங்க."

"விசேஷம்னா போதும், இவளுக்கு நாலு குளியல்" என்றார் அப்பா.

எதிர் வீட்டு அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். ஏன் சிரிக்க மாட்டாள், வேர்த்த முகத்தோடு நீ விருந்தாளி முன்னால் வந்ததே இல்லையே. அப்புறம் எல்லோரும் சிரித்தோம். திவச வீட்டில் இருபது பேர் வாய்விட்டுச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் அழுதேன், யாருக்கும் தெரியவில்லை.

அப்பா கற்பூரம் ஏற்றினார். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார், கண்ணை மூடிக் கும்பிட்டார். யாரை நினைத்துக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் அம்மாவாக இருக்கலாம். யாருக்கு என்று அவர் மறுபடி கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பந்தியில் முதல் ஆளாக உட்கார வைத்தோம். கலா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்து கொடுத்தார். ரெண்டு வாய் சாப்பிட்டவர் நிறுத்திவிட்டு என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காமல் காதோரமாகச் சொன்னார்.

"அம்மாவுக்கு ஒரு இலை தனியா போட்டு எடுத்து வை. எல்லாருக்கும் போட்டுட்டுத்தான் உக்காருவா. அதுக்குள்ள பாயசம் தீர்ந்துடும்."

நாற்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதைச் சொல்லியிருக்கிறாராம்மா? "நான் தின்னேனா இல்லையான்னு உங்கப்பன் ஒரு நாள் கேட்டதில்லைடீ" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லி மூக்கைச் சிந்தியிருக்கிறாய்? இப்போது கேட்டார். நீ கேட்காத இடத்துக்குப் போன பிறகு கேட்டார். அதனால்தான் உனக்கு எழுதித் தெரிவிக்கிறேன்.

தலைவாழை இலை ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் பரிமாறினேன். பாயசத்தைக் கிண்ணம் நிறைய ஊற்றினேன். அப்பா அங்கிருந்தே பார்த்துவிட்டு, "வடை இன்னொண்ணு வை" என்றார். வைத்தேன். மாமா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "போதும்டீ பரிமளா. உங்கப்பன் படைச்சுட்டாரு" என்றார். அந்த இலையை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார், காக்காய்க்கு வைக்க. ரொம்ப நேரம் கீழே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தண்ணித் தொட்டி நிழலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "எனக்கு வாய் வரலடீ" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சேர்ந்து அழ ஒரு ஆள் வேண்டும் என்றேனே, கிடைத்தார். ஹோமில் தள்ளிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்ன அதே மாமாதான். இப்போது மாதம் ஒரு தடவை பம்மலிலிருந்து போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறார்.

சாயந்தரம் எல்லோரும் போன பிறகு உன்னை வெளியே எடுத்து இடத்தில் வைத்தேன். மாலை நசுங்கியிருந்தது. நான் செய்தது தப்பா அம்மா? செத்தவர்களுக்கு மரியாதை முக்கியமா, இருக்கிறவருடைய சிரிப்பு முக்கியமா? வகுப்பில் ஒரு பிள்ளை இதைக் கேட்டால் எனக்கு விடை தெரியாது. உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். நீ சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

போன ஞாயிறு மாடம்பாக்கம் போயிருந்தேன். அப்பா நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் இளைத்திருக்கிறது, ஆனால் தூக்கம் நன்றாக வருகிறதாம். என்னைப் பார்த்ததும், "அம்மா எங்க?" என்றார். குழம்பைப் பற்றிக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"கீரை வாங்கப் போயிருக்குப்பா."

முதல் பொய் அம்மா. நாற்பத்தாறு வயசில், அப்பாவிடம். நாக்கு ஒன்றும் அழுகிவிடவில்லை.

"தனியாவா அனுப்பினே?" என்று பதறிவிட்டார். "ரோடு கிராஸ் பண்ணத் தெரியாதுடீ அவளுக்கு. பஸ்ஸெல்லாம் எப்படி வருது! போ, ஓடு. கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வா."

கலா அக்கா ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். நான் தெருவுக்குப் போய் நின்றேன். நல்ல வெயில். மெயின் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன், யாரோ வரப்போகிற மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்து, வாயெல்லாம் பல்லாக, "வாம்மா, எப்ப வந்தே?" என்றார்.

அதனால் இனிமேல் இப்படித்தான் அம்மா. இந்த வீட்டில் நீ போய்விட்டாய், உனக்கு வருஷா வருஷம் நான் படைப்பேன், உப்பு மறக்காமல். அந்த வீட்டில் நீ போகவில்லை. உன்னைக் கூட்டிவரச் சொல்லி அவர் எத்தனை தடவை என்னை அனுப்பினாலும் அத்தனை தடவையும் தெருவுக்குப் போய் நிற்பேன். கூட்டிவர யாரும் இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லவே மாட்டேன்.

கடைசி வரைக்கும் உன் புருஷனுக்குக் காவல் இருக்கிற,
உன் ஒரே பொண்ணு
பரிமளா